ரேம் மிச்சம் இருந்தும் 'அவுட் ஆஃப் மெமரி'

சி டிரைவின் பட்டை சிவப்பாக மாறியதில் ஆரம்பித்தது இது. 120 ஜிபி எஸ்எஸ்டியில் (சுழலும் தட்டு இல்லாத சேமிப்பகம்) 4 ஜிபிதான் மிச்சம். எது இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று மறைந்திருக்கும் கோப்புகளையும் சேர்த்துப் பார்த்தேன். பேஜ்ஃபைல்.சிஸ் என்று ஒன்று 6 ஜிபிக்கு உட்கார்ந்திருந்தது. விர்ச்சுவல் மெமரிக்காக விண்டோஸ் வைத்துக்கொள்ளும் கோப்பு. ரேம், அதாவது ஓடும் நிரல்கள் தங்கும் தற்காலிக நினைவகம், நெருக்கடியாகும்போது, உடனே தேவைப்படாதவற்றை 4 கேபி அளவுள்ள பக்கங்களாக இதற்குள் தள்ளிவிடும்.

என் கணினியில் ரேம் 8 ஜிபி. எந்த நிரல் எவ்வளவு எடுத்துக்கொள்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரில் எப்போது பார்த்தாலும் இரண்டு ஜிபியாவது காலியாக இருக்கும். அப்புறம் எதற்கு இந்தக் கோப்பு? விர்ச்சுவல் மெமரி பெட்டியில் 'நோ பேஜிங் ஃபைல்' என்பதைத் தேர்ந்தெடுத்தேன். கணினி முடங்கினால் அதன் விவரம் பதிவாகாமல் போகலாம் என்று ஒரு எச்சரிக்கை வந்தது. படித்தும் படிக்காமலும் 'யெஸ்' அழுத்தி ரீஸ்டார்ட் செய்தேன். 6 ஜிபி கிடைத்தது. கணினியும் சுறுசுறுப்பானது மாதிரி இருந்தது. மாதிரிதான்.

நான்காம் நாள், இருபது லேயர் கொண்ட ஒரு படத்தைத் திருத்திக்கொண்டிருந்தபோது அந்த மென்பொருள் சொல்லாமல் கொள்ளாமல் மூடிக்கொண்டது. ஒரு மணி நேர வேலை போயிற்று. திரும்பத் திறந்தால், இந்த முறை பிரவுசர் டேப் ஒன்று 'அவுட் ஆஃப் மெமரி' என்று படுத்துவிட்டது. டாஸ்க் மேனேஜரைப் பார்த்தால் பயன்பாட்டில் 5.4 ஜிபி, மிச்சம் 2.4 ஜிபி. இரண்டு ஜிபிக்கு மேல் இருக்கும்போது மெமரி இல்லை என்றால் என்ன அர்த்தம்? ரேம் சில்லு கெட்டுவிட்டதோ என்று ஓர் இரவு முழுக்க மெமரி டயக்னாஸ்டிக்கை ஓடவிட்டேன். ஒரு பிழையும் இல்லை.

விடை அதே திரையில், நான் கண்டுகொள்ளாத ஒரு வரியில் இருந்தது: 'கமிட்டட் 7.6/7.9 ஜிபி'. மென்பொருள்கள் மெமரியைக் கேட்கும்போது உடனே அதில் எதையும் எழுதிவிடுவதில்லை. பேருந்தில் துண்டு போட்டு வைப்பதுபோல முதலில் இடம் பிடித்து வைக்கும். பிடித்த இடம் மொத்தத்துக்கும் தான் பொறுப்பு என்று விண்டோஸ் கணக்கில் ஏற்றிக்கொள்கிறது. அந்தக் கணக்கின் உச்சவரம்பு, ரேமும் பேஜ்ஃபைலும் சேர்ந்த அளவு. பேஜ்ஃபைலை எடுத்துவிட்டதால் எனக்கு வரம்பு 7.9 ஜிபியோடு நின்றது. ஆள் உட்காராத இருக்கைகள் 2.4 ஜிபிக்கு இருந்தன. ஆனால் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் துண்டு கிடந்தது. விண்டோஸ் தன் பிழைகளைக் குறித்து வைக்கும் ஈவன்ட் வியூவரைத் திறந்தால், விர்ச்சுவல் மெமரி குறைந்துவிட்டது என்று 2004 எண்ணிட்ட பதிவு, அதிகம் எடுத்துக்கொண்ட நிரல்களின் பெயர்களோடு நான்கு நாளாகக் காத்திருந்தது.

சரி, திரும்ப வைக்கலாம் என்று முடிவு செய்தேன். சி டிரைவில் வைக்க மனமில்லை. டி டிரைவில், அதாவது பழைய ஹார்ட் டிஸ்கில், 24 ஜிபிக்கு வைத்தேன். பெரிதாக இருந்தால் வேகமாக இருக்கும் என்ற நினைப்பு. ரீஸ்டார்ட் செய்து பார்த்தால் வரம்பு அதே 7.9. அளவை எம்பியில் தட்டிவிட்டு நேராக 'ஓகே' கொடுத்திருந்தேன். நடுவில் 'செட்' பட்டனை அழுத்தாவிட்டால் அது எதையும் ஏற்றுக்கொள்வதில்லை. இதற்காக அரை மணி நேரம் முழித்தேன்.

இரண்டாவது முறை சரியாக அமைந்தது. மென்பொருள் மூடிக்கொள்வது நின்றது. ஆனால் வேறு நோய் வந்தது. சற்று நேரம் தொடாமல் வைத்திருந்த விண்டோவுக்குத் திரும்பினால் ஐந்தாறு விநாடி உறைந்து நிற்கும், ஹார்ட் டிஸ்க் கறக் கறக் என்று அரைக்கும், டி டிரைவ் பயன்பாடு 100 சதவீதத்தில் நிற்கும். ரேமில் ஒன்றை எடுக்க ஏறக்குறைய 100 நானோவிநாடி ஆகும். சுழலும் டிஸ்கில் முள் நகர்ந்து போய் எடுக்க 10 மில்லிவிநாடி, அதாவது ஒரு லட்சம் மடங்கு. எஸ்எஸ்டியும் ரேமுக்கு ஈடாகாதுதான், ஆனாலும் அங்கே இது ஆயிரம் மடங்கு அளவில் நின்றுவிடும். எஸ்எஸ்டி தேய்ந்துவிடும் என்று பயந்து பேஜ்ஃபைலை ஹார்ட் டிஸ்குக்கு மாற்றச் சொல்லும் அறிவுரையில் எனக்கு இப்போது துளியும் நம்பிக்கை இல்லை.

மறுபடி சி டிரைவுக்கே வந்தேன். ரேமில் இருப்பதை டிஸ்கில் எழுதிவிட்டு அணையும் ஹைபர்நேட் வசதியை நிறுத்தியதில் 3 ஜிபி கிடைத்தது, டவுன்லோட் ஃபோல்டரைக் கழித்துக்கட்டியதில் இன்னும் 11. இப்போது எவ்வளவு வைப்பது? ரேமைப் போல ஒன்றரை மடங்கு என்ற பழைய கணக்கை விட்டுவிட்டேன். அது ரேம் சில நூறு எம்பியாக இருந்த காலத்துக் கணக்கு. ஒரு வாரம் வழக்கமான வேலைகளைச் செய்துவிட்டு, ஒவ்வொரு நாளும் அணைக்கும் முன் ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரர் என்ற கருவியில் கமிட் எந்த உச்சத்துக்குப் போயிருக்கிறது என்று குறித்து வைத்தேன். அதிகபட்சம் 13.1 ஜிபி. அதில் ரேமைக் கழித்தால் 5 ஜிபி சொச்சம். கொஞ்சம் மூச்சுவிட இடம் சேர்த்து, தொடக்க அளவு 4096 எம்பி, உச்ச அளவு 8192 எம்பி என்று கொடுத்தேன். 'செட்' அழுத்தினேன். ரீஸ்டார்ட்.

டிரைவில் தாராளமாக இடம் இருப்பவர்கள் இந்தப் பாடெல்லாம் படத் தேவையில்லை. தானாக நிர்வகிக்கும்படி விண்டோஸிடமே விட்டுவிடலாம். ரேமைப் போல மூன்று மடங்கு வரை போகும், ஆனால் டிரைவின் எட்டில் ஒரு பங்கைத் தாண்டாது. என் சின்ன டிரைவில் அதுவே 14 ஜிபிக்குப் பக்கத்தில் வந்துவிடும் என்பதால்தான் கையால் வைத்தேன்.

வேகம் கூடியதா என்றால், நான் கை வைப்பதற்கு முன் இருந்த வேகம் திரும்பி வந்தது, அவ்வளவே. உண்மையில் வித்தியாசம் தெரிந்தது, தொடங்கும்போதே தானாகத் திறந்துகொள்ளும் ஏழு நிரல்களில் ஐந்தை நிறுத்திய பிறகு. இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அதே இருபது லேயர் படம் பின்னால் திறந்திருக்கிறது. கமிட்டட் 9.4/11.9.