அடுப்புக்குப் போன பெட்டிகள்

“செயிலா தம்பி? இந்த ஒத்த எழுத்துக்கா?”

பெட்டியில் இருந்த ஓர் எழுத்தால் சிறைக்குப் போக நேரலாம் என்று நான் சொன்னதும், கீழக்கரை லாத்தா (முஸ்லிம் வீடுகளில் அக்கா) ஒருவர் கேட்டது. 2022 நோன்புக்கு முன்னால், அவர் விற்கும் தொதல் என்ற இனிப்புக்குப் புதுப் பெட்டிகள் அச்சாகி வந்திருந்தன. பெயரின் ஓரத்தில் வட்டத்துக்குள் ஆர் (®), அதாவது பதிவான டிரேட்மார்க் என்ற குறி. பெயரை டிரேட்மார்க்காகப் பதிய விண்ணப்பம் போட்டு மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. பதிவாகும்வரை டிஎம் (™) போடலாம், ஆர் கூடாது. அச்சகத்தில் யாரோ அழகுக்குச் சேர்த்துவிட்டார்கள்.

“ஆமா லாத்தா, மூணு வருசம் வரைக்கும்” என்றேன்.

பொய் இல்லை. டிரேட்மார்க் சட்டம் 107ஆம் பிரிவில் அன்று மூன்றாண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் என்று இருந்தது. அந்த ‘அல்லது’களைத்தான் நான் சொல்லவில்லை. அபராதம் என்றால் “பாத்துக்கலாம்” என்பார்கள், அதனால்தான். பதிவு அலுவலகம் பெயரைத் தன் இதழில் விளம்பரப்படுத்தியதும், மற்றவர்கள் அதை எதிர்க்க நான்கு மாதக் காலம் இருக்கிறது. யாராவது இந்த ஆரைக் காட்டிச் சண்டைக்கு வந்தால் லாத்தாதானே அலைய வேண்டும்? ஆனால் இதற்காகச் சிறைக்குப் போன ஒருவரையும் நான் பார்த்ததில்லை. எழுத்தின் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லியிருக்கலாம். தோன்றவே இல்லை.

அடுத்த வாரம் போனபோது தொதல் கிண்டும் அடுப்புக்குள் பெட்டிகள் எரிந்துகொண்டிருந்தன. அச்சுக்கூலி மட்டும் 18,000 ரூபாய்.

அந்த டிசம்பரிலேயே, பல சட்டங்களில் சின்னத் தவறுகளுக்கான சிறையை நீக்கும் ஜன் விஸ்வாஸ் மசோதா மக்களவைக்கு வந்தது. 2023இல் சட்டமாகி, 2024 ஆகஸ்ட் 1 முதல் இந்தப் பிரிவில் சிறை இல்லை. தண்டத் தொகை மட்டும்: விற்றுமுதலில் அரை சதவீதம் அல்லது ஐந்து லட்சம் ரூபாய், எது குறைவோ அது. லாத்தாவின் வியாபாரம் வருடம் எட்டு லட்சம். கணக்குப் போட்டேன்: 4,000 ரூபாய்.

சரியான மாற்றம்தான். ஒரு எழுத்துக்குச் சிறை என்பது அதிகம். ஆனாலும் போன மாதம் தொண்டியில் பதிவாகும் முன்பே கவரில் ஆர் போட்டிருந்த ஒரு கருவாட்டு வியாபாரியிடம் இதை முழுசாகச் சொன்னேன். போனில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, “சரி சார், இருக்கிற கவர் தீரட்டும்” என்றார். அவரிடம் சொன்னதுதான் சரியா, லாத்தாவிடம் சொன்னது சரியா? பயமுறுத்தாமல் ஒருவரை நிறுத்த எனக்குத் தெரியவில்லையோ என்று இருக்கிறது.

லாத்தாவின் பெயர் பதிவாகிவிட்டது. இனி ஆர் தாராளமாகப் போடலாம் என்று சொல்லிவிட்டேன். “வேணாம் தம்பி, அது இல்லாமலே விக்குது” என்கிறார். சட்டம் மாறியதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.