அங்கன்வாடியில் பொம்மைச் சோதனை: கேள்வியை எழுதுவது முதல் விடையை எண்ணுவது வரை

மற்றவர் மனத்தில் இருப்பது நிஜத்தில் இருப்பதிலிருந்து வேறாக இருக்கலாம் என்பது குழந்தைக்கு எந்த வயதில் பிடிபடுகிறது? இதைப் பார்க்க வளர்ச்சி உளவியலில் அதிகம் புழங்குவது ஒரு சின்னப் பொம்மைக் கதை. மீனா தன் பந்தைக் கூடைக்குள் வைத்துவிட்டு வெளியே போகிறாள். அவள் இல்லாத நேரத்தில் கண்ணன் பந்தை எடுத்துப் பெட்டிக்குள் போட்டு மூடுகிறான். மீனா திரும்பி வருகிறாள். பந்தை எங்கே தேடுவாள்? கூடையைக் காட்டும் குழந்தை, மீனாவுக்கு விஷயம் தெரியாது என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. பெட்டியைக் காட்டும் குழந்தை, தனக்குத் தெரிந்தது மீனாவுக்கும் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறது. 1983இல் விம்மரும் பெர்னரும் சாக்லேட்டை வைத்து எழுதிய கதையும், 1985இல் பேரன்-கோஹன், லெஸ்லி, ஃப்ரித் மூவரும் சாலி, ஆன் என்ற இரண்டு பொம்மைகளை வைத்துச் செய்த சோதனையும்தான் இதற்கு மூலம்.

ஒரு குழந்தைக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. ஆனால் தமிழ்நாட்டு அங்கன்வாடிகளில் இதைச் செய்ய இறங்கினால், அந்தப் பத்து நிமிடத்துக்கு முன்னால் மாதக்கணக்கில் வேலை இருக்கிறது. அதில் பெரும்பங்கு கேள்வியைத் தமிழில் எழுதுவதற்கே போகிறது. போகத்தான் வேண்டும். ‘குழந்தைக்குத் தெரியவில்லை’ என்று நாம் குறித்துக்கொள்ளும் விடைகளில் பல, கேள்வி விளங்காமல் சொன்னவை.

முதல் சிக்கல் வினைச்சொல்லில். ஆங்கில மூலத்தை அப்படியே பெயர்த்தால் ‘மீனா பந்துக்கு எங்க பார்ப்பா?’ என்று வரும். தமிழில் ‘பார்ப்பா’ என்றால் கண்ணால் பார்ப்பதுதான். மூன்று வயதுக் குழந்தை, பொம்மையின் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அந்தப் பக்கத்தைக் காட்டிவிடும். ‘எங்கிருந்து எடுப்பா?’ என்று கேட்பது இன்னும் மோசம். எடுப்பது என்றால் கையில் கிடைப்பது. பந்து பெட்டியில் இருக்கும்போது அங்கிருந்துதான் எடுக்க முடியும் என்று குழந்தை சொன்னால் அதில் தவறு ஏதும் இல்லை. ‘எங்க தேடணும்?’ என்று கேட்டால் மீனாவுக்கு உதவி செய்யச் சொல்வது போல ஆகிவிடும். நல்ல மனசுள்ள குழந்தை உடனே பெட்டியைக் காட்டும். கடைசியில் நிற்பது ‘தேடுவா’ ஒன்றுதான்.

அதிலும் எழுவாயை விடக்கூடாது. பேச்சுத் தமிழில் ‘எங்க தேடுவா?’ என்று பெயரை விழுங்கிவிட்டுக் கேட்பது நமக்கு இயல்பு. பல வீடுகளில் சின்னப் பிள்ளைகளைச் செல்லமாக அஃறிணை விகுதியில் ‘பாப்பா தேடும்’, ‘பாப்பா சாப்பிடும்’ என்றுதான் பேசுவார்கள். அந்தப் பழக்கத்தில் சோதனை செய்பவர் ‘எங்க தேடும்?’ என்று கேட்டுவிட்டால், தேடுவது மீனாவா, கண்ணனா, தானேயா என்று குழந்தைக்குத் தெரியாது. ஒவ்வொரு கேள்வியிலும் பெயர் முழுதாக வர வேண்டும். காதுக்கு அது கொஞ்சம் செயற்கையாகப் பட்டாலும் பரவாயில்லை.

மனநிலைச் சொல்லில் வேறொரு வலை இருக்கிறது. ‘அவன் தன்னைப் பெரிய ஆளுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கான்’ என்று சொன்னால், அவன் பெரிய ஆள் இல்லை என்பதும் அதிலேயே வந்துவிடுகிறது. ஆகவே ‘மீனா பந்து எங்க இருக்குன்னு நினைக்கிறா?’ என்பதும் ‘நினைச்சுக்கிட்டு இருக்கா?’ என்பதும் ஒரே கேள்வி அல்ல. இரண்டாவதில், மீனா நினைப்பது தப்பு என்ற குறிப்பு பாதி உள்ளே இருக்கிறது. துருக்கி மொழியில் தவறாக நினைப்பதற்கென்றே தனி வினை உண்டு. இப்படிச் சொல் உள்ள மொழிகளில் அதைக் கேள்வியில் பயன்படுத்துவது குழந்தைகளுக்குக் கைகொடுக்கிறது என்று 2003இல் வெளியான ஒப்பாய்வு ஒன்று காட்டியது. தமிழில் எதைத் தேர்ந்தாலும் சரி, எல்லாக் குழந்தைக்கும் எல்லா நாளும் ஒன்றையே கேட்க வேண்டும். காலையில் ஒன்றும் களைத்துப் போன பிறகு இன்னொன்றும் வாயில் வந்தால் அந்தத் தரவு வீண்.

‘முதல்ல’ என்ற சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். சீகலும் பீட்டியும் 1991இல் ‘எங்கே தேடுவாள்’ என்பதற்குப் பதில் ‘முதலில் எங்கே தேடுவாள்’ என்று கேட்டபோது மூன்று வயதுக் குழந்தைகள் நன்றாகச் செய்தார்கள். எனவே அதைச் சேர்க்கலாம் என்று தோன்றும். ஆனால் தமிழில், கதையின் தொடக்கம் குழந்தைக்கு நினைவிருக்கிறதா என்று பார்க்கும் நினைவுக் கேள்வியும் வழக்கமாக ‘மீனா பந்தை முதல்ல எங்க வெச்சா?’ என்றே அமைகிறது. இரண்டிலும் ‘முதல்ல’ வந்தால், முன்பு சொன்ன விடையையே குழந்தை திரும்பச் சொல்லும், நாம் அதற்கு மதிப்பெண் போடுவோம். நினைவுக் கேள்வியை ‘மீனா வெளிய போறதுக்கு முன்னாடி பந்தை எங்க வெச்சா?’ என்று மாற்றி எழுதிய பிறகுதான் தேடும் கேள்வியில் ‘முதல்ல’ போடலாமா என்று யோசிக்க வேண்டும். போட்டால் அது வேறு சோதனை. போடாமல் செய்த ஆய்வுகளின் எண்களோடு அதை ஒப்பிடக் கூடாது.

மறுபெயர்ப்புச் சோதனை போதும் என்று பலர் நம்புகிறார்கள். ஒருவர் தமிழாக்க, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்க, இரண்டும் பொருந்தினால் நிம்மதி. ஆனால் ‘பார்ப்பா’ என்ற பிழை இந்த வழியில் சிக்கவே சிக்காது. போன சொல்லே அச்சு மாறாமல் திரும்பி வரும். உண்மையான சோதனை குழந்தைகளிடம்தான் நடக்கும். ஐந்தரை, ஆறு வயதுப் பிள்ளைகள் சிலரிடம் கதையைச் சொல்லி, ‘அக்கா இப்ப என்ன கேட்டேன், நீ சொல்லு’ என்று கேள்வியையே திரும்பச் சொல்ல வைத்துப் பாருங்கள். அவர்கள் மாற்றிச் சொல்லும் இடம்தான் நீங்கள் திருத்த வேண்டிய இடம். கூடை, டப்பா, பெட்டி, பொட்டி ஆகியவற்றில் அந்த ஊரில் எது புழங்குகிறது என்பதை அங்கன்வாடிப் பணியாளரிடம் கேட்டு முடிவு செய்யலாம். வீட்டில் தெலுங்கோ உருதுவோ சௌராஷ்டிரமோ பேசும் குழந்தைக்கு அந்த மொழியில் செய்ய ஆள் இல்லையென்றால், வீட்டு மொழியைத் தாளில் குறித்துத் தனியாக வையுங்கள்.

அனுமதிப் படிகளில் புதிர் எதுவும் இல்லை, நேரம்தான் பிடிக்கும். முதலில் நிறுவனத்தின் நெறிமுறைக் குழு, பிறகு மாவட்டத்தின் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலகம், அதன்பின் அந்தந்த மையம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைப்படி 7 வயதுக்குக் கீழே குழந்தையின் இசைவை ஆவணமாக்கத் தேவையில்லை. பெற்றோர் ஒப்புதல் கட்டாயம். அதற்காக, வரமாட்டேன் என்று தலையாட்டும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் உட்கார வைக்கலாம் என்று அர்த்தமில்லை. நடைமுறையில் இடிக்கும் இடம் கையெழுத்து. பிள்ளையைக் கொண்டுவந்து விடுவதும் கூட்டிப் போவதும் பெரும்பாலும் பாட்டிதான். பெற்றோர் இருக்கும்போது பாட்டி போட்ட கையெழுத்து செல்லாது. அம்மா நூறு நாள் வேலையிலிருந்து வரும் நேரம் பார்த்து வீட்டுக்கே போக வேண்டியிருக்கும். கைநாட்டு வைப்பவராக இருந்தால், ஆய்வோடு தொடர்பில்லாத, படிக்கத் தெரிந்த சாட்சி ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். காணொளி எடுப்பதற்கு அதே தாளில் தனிக் கட்டம் வையுங்கள். சோதனைக்குச் சம்மதித்துவிட்டுக் கேமரா வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு இடம் இருக்க வேண்டும்.

பிறந்த தேதியைப் பதிவேட்டில் மட்டும் பார்த்து எழுதாதீர்கள். பிறப்புச் சான்றிதழ் அல்லது தாய் சேய் நல அட்டையோடு ஒப்பிடுங்கள். வயதை மாதக் கணக்கில், சோதனை செய்த நாளை வைத்துக் கணக்கிட வேண்டும். 36 முதல் 47, 48 முதல் 59, 60 முதல் 71 மாதம் என்று மூன்று குழுவாகப் பிரிக்கும்போது, இரண்டு மாதப் பிழைகூடக் குழந்தையை வேறு குழுவில் தள்ளிவிடும். இந்தச் சோதனையில் விடை மாறும் வயதே நான்கைச் சுற்றித்தான்.

பொருள்கள் எளியவை. இரண்டு துணிப் பொம்மைகள், தலைமுடியும் உடை நிறமும் தெளிவாக வேறுபட்டவை. பெயர்களின் முதல் எழுத்தும் வேறாக இருக்கட்டும். அந்த மையத்தில் மீனா என்று ஒரு பிள்ளை இருந்தால் பொம்மைக்கு வேறு பெயர் வைத்துவிடுங்கள். பந்து 4.5 செ.மீ.க்கு மேல் குறுக்களவு உள்ளதாக இருக்கட்டும், அதைவிடச் சிறியது வாய்க்குள் போகும். கூடைக்கும் பெட்டிக்கும் மூடி வேண்டும், உள்ளே இருப்பது வெளியே தெரியக்கூடாது, ஒன்று மற்றதைவிடப் பளபளப்பாக இருக்கக்கூடாது. இரண்டுக்கும் இடையே 40 செ.மீ. விட்டால் குழந்தை எதைக் காட்டுகிறது என்பதில் சந்தேகம் வராது. பந்து முதலில் கூடையிலா பெட்டியிலா, கூடை இடப்பக்கமா வலப்பக்கமா என்று மாற்றினால் நான்கு வரிசை கிடைக்கும். எந்தக் குழந்தைக்கு எந்த வரிசை என்பதை வீட்டிலேயே எழுதி எடுத்துப் போங்கள். அங்கே போய் முடிவு செய்தால் கை பழகிய வரிசையே திரும்பத் திரும்ப வரும்.

நேரம் காலை 10 முதல் 11.30 வரை. அதற்கு முன்னால் பிள்ளைகள் வந்து சேர்ந்திருக்க மாட்டார்கள். அதற்குப் பிறகு சமையல் வாசனை வந்துவிடும், கவனம் தட்டுக்குப் போய்விடும். சாப்பிட்டதும் தூக்கம். முதல் நாள் சோதனையே வேண்டாம். பாயில் கூட உட்கார்ந்து விளையாடிவிட்டு வந்தாலே போதும். பெரும்பாலும் ஒரே அறைதான் இருக்கும். வராந்தாவின் மூலையில், குழந்தை சுவரைப் பார்த்து உட்காரும்படி இடம் போடுங்கள். பணியாளரை அருகில் வைத்துக்கொள்வது குழந்தைக்குத் தைரியம், நமக்குத் தொல்லை. ‘நல்லா யோசிச்சு சொல்லுடா’ என்று அவர் அன்பாகச் சொல்லும் ஒரு வார்த்தையில் குழந்தை விடையை மாற்றிவிடும். குழந்தைக்குப் பின்னால், அதன் கண்ணில் படாமல் உட்காரும்படி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். முடித்துவிட்டுப் போகும் பிள்ளை அடுத்த பிள்ளையிடம் ‘கூடைன்னு சொல்லு’ என்று காதில் போடும். முடித்தவர்களுக்கு வேறு மூலையில் படம் வரைய ஏற்பாடு செய்து, ஒரு மையத்தை ஒன்றிரண்டு நாளில் முடித்துவிடுவதுதான் இதற்கு வழி.

கதை சொல்லி முடித்ததும் தேடும் கேள்வி, பிறகு நிஜக் கேள்வி (‘பந்து இப்ப எங்க இருக்கு?’), கடைசியாக நினைவுக் கேள்வி. பின்னிரண்டும் சரியாக இருந்தால்தான் முதல் விடைக்குப் பொருள் உண்டு. ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்காதீர்கள். பெரியவர் திரும்பக் கேட்டால், சொன்னது தப்பு என்றே குழந்தை எடுத்துக்கொள்ளும். வடிவம் மாறினாலும் அளவு மாறாது என்பது குழந்தைக்குப் புரிகிறதா என்று பார்க்கும் பியாஜேயின் அளவு மாறாமைச் சோதனையில் ஒருமுறை மட்டும் கேட்டால் பிழை குறைகிறது என்று ரோசும் பிளாங்கும் 1974இலேயே காட்டியிருக்கிறார்கள். விடை வராவிட்டால் பத்து நொடி காத்திருங்கள். பிறகு மீனா கதவைத் திறந்து வரும் காட்சியிலிருந்து மறுபடி நடத்திக் காட்டுங்கள். அப்போதும் மௌனம் என்றால் ‘விடை இல்லை’ என்று குறித்துக்கொண்டு மேலே போகலாம். உங்கள் பார்வை குழந்தையின் முகத்தில் இருக்கட்டும், கூடையிலோ பெட்டியிலோ படிய வேண்டாம்.

இன்னொரு சொல்லை வாயிலிருந்து எடுத்துவிட வேண்டும்: ‘சரி’. நமக்கு அது ‘கேட்டுக்கொண்டேன்’ என்பதன் அடையாளம். குழந்தைக்கு அது ‘நீ சொன்னது சரியான விடை’. ‘அப்படியா?’ என்று கேட்டால் சந்தேகம் தொனிக்கும். ‘ம்ம், அடுத்து என்னன்னு பார்ப்போம்’ என்று எல்லா விடைக்கும் ஒரே குரலில் சொல்லிப் பழகுவதற்கே சோதனை செய்பவருக்கு ஒரு வாரப் பயிற்சி தேவை.

ஒரு கதையோடு நிறுத்தினால், கண்ணை மூடிக்கொண்டு காட்டினாலும் பாதி வாய்ப்பு உண்டு. பொம்மையும் பொருளும் மாற்றி மூன்று கதை செய்தால், மூன்றிலும் குருட்டாம்போக்கில் தேற வாய்ப்பு எட்டில் ஒன்றாகக் குறைகிறது. அதோடு, மீனா பார்த்துக்கொண்டிருக்கும்போதே கண்ணன் பந்தை மாற்றும் கதை ஒன்றும் வேண்டும். எப்போதும் முதலில் வைத்த இடத்தையே காட்டும் குழந்தை அங்கே மாட்டிக்கொள்ளும்.

காணொளியில் இரண்டு மூடிகளும் குழந்தையின் கைகளும் தெரிய வேண்டும். ‘அங்க’ என்று வாயால் மட்டும் சொல்லும் பிள்ளைகள் நிறைய. நான்கில் ஒரு பங்குப் பதிவுகளையாவது, குழந்தையின் வயது தெரியாத இரண்டாம் ஆள் தனியாகக் குறிக்க வேண்டும். வெறும் ஒற்றுமைச் சதவீதம் கண்ணைக் கட்டும். 40 பதிவுகளில் 36 பொருந்தினால் 90 சதவீதம்தான். ஆனால் இருவரும் பாதிக்குப் பாதி ‘தேர்ச்சி’ போட்டிருந்தால், தற்செயலாகவே 50 சதவீதம் பொருந்தியிருக்கும். அந்தத் தற்செயலைக் கழித்துவிட்டு ஒற்றுமையை அளக்கும் ‘கோஹனின் கப்பா’ என்ற எண் இங்கே 0.80.

எண்ணும்போது: 20 பேர் உள்ள குழுவில் ஒரு கதைக்கு 15 பேர் சரியாகச் சொன்னால்தான், இருபக்கச் சோதனையில் (தற்செயலைவிடக் கூடுதலா, குறைவா என்று இரண்டு பக்கமும் பார்க்கும் கணக்கு) அது தற்செயலைத் தாண்டியது எனலாம். 14 போதாது. நிஜக் கேள்வியிலோ நினைவுக் கேள்வியிலோ தவறியவர்களைச் சத்தமில்லாமல் நீக்கிவிடாதீர்கள். வயதுவாரியாக எத்தனை பேர் என்று எழுதுங்கள். மூன்று வயதுக்காரர்களில் அவர்களே அதிகம் இருப்பார்கள், அவர்களை விட்டுவிட்டால் மீதியுள்ளவர்கள் மூன்று வயதின் மாதிரி ஆகமாட்டார்கள். கனடா, இந்தியா, பெரு, சமோவா, தாய்லாந்து என ஐந்து நாடுகளில் செய்து 2005இல் வெளியான ஆய்வில், மூன்று வயதில் பெரும்பாலோர் தவறுவதும் ஐந்து வயதில் பெரும்பாலோர் தேறுவதும் எல்லா இடத்திலும் தெரிந்தது. உங்கள் ஐந்து வயதுக் குழு தற்செயல் அளவிலேயே நின்றால், குழந்தைகளைப் பற்றி எழுதுவதற்கு முன் கேள்வித்தாளை எடுத்துப் பாருங்கள்.

பெற்றோரிடம் ‘உங்க பிள்ளை பாஸா?’ என்ற கேள்விக்குத் தனி விடை தர வேண்டாம். 1985 ஆய்வில் ஆட்டிசம் உள்ள 20 குழந்தைகளில் 16 பேர் தவறினார்கள் என்பதைக் கேள்விப்பட்டவர்கள், தவறிய பிள்ளையைப் பார்த்துக் கலங்கிப்போவார்கள். நான்கு வயதுப் பிள்ளை தவறுவது சாதாரணம். இது நோயறியும் கருவி அல்ல என்பதை ஒப்புதல் தாளிலேயே எழுதி, படித்தும் காட்டுங்கள்.

கட்டுரை எழுதும்போது ஒரு வேண்டுகோள். ‘கேள்விகள் உள்ளூர் மொழியில் பெயர்க்கப்பட்டன’ என்ற ஒற்றை வரியோடு விட்டுவிடாதீர்கள். கேட்ட வாக்கியத்தைத் தமிழ் எழுத்தில், பேசிய வடிவத்திலேயே, ‘தேடுவா’ உட்பட முழுதாக அச்சிடுங்கள். அடுத்து மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ இதைச் செய்ய வருபவருக்கு முதலில் தேவைப்படுவது அந்த வாக்கியம்தான்.