பெயர்ப் பட்டியலும் தேதிப் பட்டியலும்

என் மகன் 2019-ல் சிட்னி பாய்ஸ் ஹைஸ்கூலில் ஏழாம் வகுப்பு சேர்ந்தான். 2024-ல் எச்எஸ்சி, அதாவது இங்கே பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத் தேர்வு, எழுதி வெளியே வந்தான். அதுபோல நுழைவுத் தேர்வு வைத்துச் சேர்க்கும் செலெக்டிவ் அரசுப் பள்ளியில் இடம் கிடைத்த பிள்ளைகளின் அம்மாக்கள் இப்போது என்னிடம் கேட்பதெல்லாம் ஒரே கேள்விதான்: "அடுத்து எந்த டியூஷன்?" அதற்கு நான் சொல்லும் பதில் கொஞ்சம் நீளம். அதனால் எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

முதலில் நுழைவுத் தேர்வைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். என் மகன் எழுதியது பழைய முறை, காகிதத்தில். இப்போது பிள்ளைகள் கணினி முன்னால் உட்கார்ந்து எழுதுகிறார்கள். வாசிப்பு, கணிதச் சிந்தனை, சிந்தனைத் திறன், எழுத்து என்று நான்கு பகுதிகள். நான்குக்கும் சம மதிப்பு. தேர்வு ஆறாம் வகுப்பில், ஆனால் விண்ணப்பம் ஐந்தாம் வகுப்பு முடியும் சமயத்திலேயே திறந்துவிடும். பல வீடுகளில் கணக்கை மட்டும் பிடித்துக்கொண்டு எழுத்தை விட்டுவிடுகிறார்கள். எழுத்துக்குக் கணக்கைப் போலவே கால் பங்கு இருக்கிறது. தினம் அரை மணி நேரம் கணினியில் தட்டி எழுதிப் பழகினால் போதும், அதற்கெனத் தனி வகுப்பு தேவையில்லை என்பது என் எண்ணம்.

சரி, இடம் கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகுதான் நான் தப்பு செய்தேன்.

ஆரம்பப் பள்ளியில் என் மகன்தான் முதல். ஏழாம் வகுப்பில் அவனோடு சேர்ந்த 180 பேரும் அவரவர் பள்ளியில் முதலாகவோ இரண்டாவதாகவோ இருந்தவர்கள். முதல் அரையாண்டு ரிப்போர்ட்டில் கணக்கில் அவனுடைய ரேங்க் நூறைத் தாண்டி இருந்தது. அன்று இரவு அவன் சாப்பிடவில்லை. நானும் அவனைத் தேற்றவில்லை. பள்ளியிலிருந்து வாரந்தோறும் வரும் இதழை எடுத்து வைத்துக்கொண்டு, யார் யார் என்ன பரிசு வாங்கினார்கள் என்று அவனுக்கே வாசித்துக் காட்டினேன். விவாதத்தில் ஒருவன், செஸ்ஸில் ஒருவன், வயலினில் ஒருவன். நம்மூர்ப் பெயர் வந்தால் இன்னும் அழுத்தி வாசித்தேன். இப்போது நினைத்தாலும் மனசு கஷ்டப்படுகிறது. பன்னிரண்டு வயதுப் பையன், வென்ட்வொர்த்வில்லில் ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, அங்கிருந்து பள்ளி இருக்கும் மூர் பார்க் வரை போய்த் திரும்பி, களைத்து உட்கார்ந்திருந்தவனிடம் அதைச் செய்தேன்.

அதே இதழில் வரப்போகும் நிகழ்ச்சிகளின் தேதிகளும் இருந்தன. அதை நான் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. எட்டாம் வகுப்பில் ஒரு நாள் அவனே வந்து, "அம்மா, இன்ஃபர்மேட்டிக்ஸ் ஒலிம்பியாடுக்குப் பேர் கொடுக்கிற நாள் முடிஞ்சுபோச்சு" என்றான். கோடிங்கில் அவனுக்கு அப்படி ஓர் ஆசை இருப்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். தேதி மூன்று வாரமாகக் கண் முன்னால் இருந்திருக்கிறது.

அப்போதுதான் உறைத்தது. இந்த வாரம் பட்டியலில் பெயர் வந்த பையன், ஆறு மாதத்துக்கு முன்பு ஏதோ ஒரு தேதியைக் கவனித்துப் பெயர் கொடுத்தவன். வந்துவிட்ட பெயர்களைப் பார்த்து நாம் செய்ய ஒன்றுமில்லை. வரப்போகும் தேதிகளை வைத்துத்தான் ஏதாவது செய்ய முடியும்.

முருகன் கோயிலில் கொடுத்த காலண்டர் ஒன்று ஃபிரிட்ஜ் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து அதுதான் எங்கள் பள்ளிக் காலண்டர். மார்க்குக்குச் சேரும் பள்ளித் தேர்வும் கட்டுரையும், அதாவது அசெஸ்மென்ட், சிவப்பு, போட்டி நீலம், விளையாட்டும் கேடட் முகாமும் பச்சை. கார்த்திகை தீபம், சஷ்டி எல்லாம் ஏற்கெனவே அச்சில் இருக்கும். அதற்கு மேல் இவை. மூன்று நிறமும் ஒரே வாரத்தில் மோதினால் இரண்டு வாரம் முன்பே கண்ணில் பட்டுவிடும். ஒன்பதாம் வகுப்பில் ஒரு வாரம் அப்படித்தான் மோதியது: வரலாற்றுக் கட்டுரை, இசைக்குழு ஒத்திகை, கேடட் முகாம் மூன்றும். முகாமுக்கு முந்தின ஞாயிறே கட்டுரையை முடித்துவிட்டுப் பை கட்டினான். ஏழாம் வகுப்பில் இதே நிலைமை வந்திருந்தால் திங்கள் இரவு இரண்டு மணிக்கு வீட்டில் அழுகைதான்.

போட்டிகளில் எல்லாவற்றுக்கும் பெயர் கொடுக்க வேண்டாம். ஆஸ்திரேலியக் கணிதப் போட்டிக்கு மட்டும் எல்லாப் பிள்ளைகளும் உட்காரலாம். 75 நிமிடம், 30 கேள்விகள். முதல் 25 கேள்விகளுக்கு விடையைத் தேர்ந்தெடுத்தால் போதும். கடைசி ஐந்துக்கும் எண்ணை நாமே கண்டுபிடித்து எழுத வேண்டும், தேர்ந்தெடுக்க விடைகள் இருக்காது. பழைய தாளை வைத்து வீட்டில் பழகும்போது என் மகன் கடைசி ஐந்திலிருந்து ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வான். ஞாயிறு முழுக்க அதுதான். சில ஞாயிறு விடை வராது. அவன் அப்பா குறிப்பைக் காட்டப் போனால், "வேண்டாம்ப்பா, நாளைக்குப் பாக்கறேன்" என்பான். நூறு கணக்கு போட்டதைவிட அந்த ஒரு கணக்கு அவனுக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது என்று நான் நம்புகிறேன்.

இன்ஃபர்மேட்டிக்ஸ் ஒலிம்பியாடில் அடுத்த வருடம் கலந்துகொண்டான். மூன்று மணி நேரம், ஆறு கேள்விகள். இரண்டைத்தான் முழுதாக முடித்தான். ஆனால் வீட்டுக்கு வந்ததும் மூன்றாவது கேள்வியைப் பற்றித்தான் பேச்சு, சாம்பார் ஆறும்வரை.

இந்தப் பள்ளியின் பழைய மாணவர் ஜான் கார்ன்ஃபோர்த்தின் கதையை அவனுக்கு அடிக்கடி சொல்வேன். பத்து வயது வாக்கில் காது கேட்பது குறைய ஆரம்பித்து, இருபது வயதுக்குள் முழுதாகவே போய்விட்டது. பள்ளியில் லெனர்ட் பாஸர் என்ற ஆசிரியர் அவரை வேதியியல் பக்கம் திருப்பினார்; காது கேட்காதது அந்தத் துறையில் பெரிய தடையாக இருக்காது என்று கார்ன்ஃபோர்த்துக்கும் தோன்றியது. பல்கலைக்கழகத்தில் விரிவுரை காதில் விழாது, நூல்களையும் ஆய்வுக் கட்டுரைகளையும் படித்தே கற்றார். 1975-ல் வேதியியல் நோபல் பரிசு. பின்னாளில் லண்டன் ராயல் சொசைட்டியின் தலைவரான ராபர்ட் மேயும் அதே பாஸரின் மாணவர்தான். பிள்ளைக்கு எது ஒத்துவரும் என்று பார்த்துச் சொல்லும் ஓர் ஆசிரியர் கிடைத்தால் விடாதீர்கள். பெற்றோர்-ஆசிரியர் சந்திப்பில் நானும் முதலில் மார்க்கைத்தான் கேட்பேன். பிறகு, "இவன் எந்த வகுப்பில் கேள்வி கேட்கிறான்?" என்று கேட்க ஆரம்பித்தேன். அந்தப் பதில்களை வைத்துத்தான் பதினோராம் வகுப்புப் பாடங்களைத் தேர்ந்தெடுத்தோம்.

அப்புறம் எச்எஸ்சி. பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு பாடத்துக்கு அதிகபட்சம் நான்கு அசெஸ்மென்ட்தான். இறுதி மார்க்கில் அவற்றுக்குப் பாதி, அக்டோபர்-நவம்பரில் வரும் பொதுத் தேர்வுக்குப் பாதி. பள்ளி கொடுக்கும் அசெஸ்மென்ட் மார்க் அப்படியே போகாது. அந்தப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் பொதுத் தேர்வில் எப்படி எழுதினார்களோ, அதற்கேற்ப ஏற்றியோ இறக்கியோ சரிசெய்வார்கள். பள்ளிக்குள் உங்கள் பிள்ளையின் ரேங்க் மாறாது, ஆனால் அந்த ரேங்க்குக்கு என்ன மார்க் என்பது எல்லோருடைய எழுத்தையும் பொறுத்தது. பக்கத்து பெஞ்சுப் பையன் பொதுத் தேர்வில் நன்றாக எழுதினால் நம் பையனுக்கும் லாபம். இது புரியாமல் நோட்ஸை ஒளித்துவைக்கச் சொல்லும் பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். என் மகனும் நான்கு நண்பர்களும் பொதுத் தேர்வுக்கு முன்னோட்டமாகப் பள்ளி வைக்கும் ட்ரையல் தேர்வுக்கு முன் ஆளுக்கொரு பாடமாகப் பிரித்துக் குறிப்பு எழுதிப் பகிர்ந்துகொண்டார்கள். ஆங்கிலக் கட்டுரைகளை ஒருவருக்கொருவர் சிவப்பு மையால் திருத்தினார்கள். எங்கள் வீட்டில் ஆங்கிலத்துக்கு டியூஷன் வைக்கவே இல்லை.

இன்னொன்று. எச்எஸ்சியில் தமிழும் ஒரு பாடம். எங்கள் பையன் எடுக்கவில்லை. சனிக்கிழமை தமிழ் வகுப்பும் பள்ளியின் சனிக்கிழமை விளையாட்டும் மோதிக்கொண்டதில், ஏழாம் வகுப்பிலேயே தமிழ் வகுப்பை நிறுத்தினோம். விளையாட்டு நேரத்தைப் பள்ளியிலும் வகுப்பு நேரத்தைத் தமிழ் ஆசிரியரிடமும் முதலிலேயே கேட்டிருந்தால் ஏதாவது வழி கிடைத்திருக்கும். அந்தக் குறை எனக்கு இன்னும் இருக்கிறது. அவன் என்னோடு தமிழில் பேசுவான், ஆனால் இந்தக் கட்டுரையை நான்தான் அவனுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

போன மாதம் டூங்காபியில் இருக்கும் தோழி வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் பையன் வரும் வருடம் ஏழாம் வகுப்பு சேர்கிறான். என் பழைய காலண்டரை எடுத்துப் போய்க் காட்டினேன். முதல் டேர்மில் பச்சை மையில் நீச்சல் போட்டி இருப்பதைப் பார்த்துவிட்டு, "இவனுக்கு இன்னும் குளத்துல ஒரு நீளம் முழுசா நீந்த வராதே" என்றாள். அடுத்த நாளே டிசம்பர் விடுமுறை நீச்சல் வகுப்பில் பெயர் கொடுத்துவிட்டதாக மெசேஜ் வந்தது.