தரங்கம்பாடி மணலில் ஒரு புதிய கோபிபோடு: விவரித்துப் பெயரிட்ட அனுபவம்

கடற்கரை மணலிலிருந்து புதிய உயிரினம் ஒன்றை விவரித்திருக்கிறோம் என்று சொன்னால், அதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பதே பெரும்பாலோரின் முதல் கேள்வியாக இருக்கிறது. கண்டுபிடிப்பதற்கு அதிக உழைப்பு தேவைப்படவில்லை. இந்த உயிருக்கு இதற்கு முன் உலகில் வேறு எவரும், எந்த மொழியிலும், எந்தப் பழைய இதழிலும் பெயர் வைத்துவிடவில்லை என்பதை உறுதிசெய்வதற்குத்தான் எங்கள் உழைப்பின் பெரும்பகுதி செலவானது. உயிர்களை இனம்பிரித்துப் பெயரிடும் வகைப்பாட்டியல் பக்கம் வர நினைக்கும் மாணவர்களுக்குப் பயன்படும் என்பதால் அந்த வழியை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

நாங்கள் விவரித்தது நண்டு, இறால் ஆகியவற்றுக்குத் தூரத்து உறவான கோபிபோடு. தமிழில் துடுப்புக்காலி என்பார்கள். அவற்றுள் ஹார்பாக்டிகாய்டு என்ற வரிசையைச் சேர்ந்தவை பெரும்பாலும் கடலடியில் வாழ்கின்றன. அவற்றிலும் சில குடும்பங்கள் மணல் துகள்களுக்கு இடையிலுள்ள நீர் நிரம்பிய இடுக்குகளிலேயே பிறந்து, இணைசேர்ந்து, மடிகின்றன. எங்கள் உயிர் லெப்டஸ்டாசிடே குடும்பத்தைச் சேர்ந்தது. அரை மில்லிமீட்டருக்கும் குறைவான நீளம். இடுக்குகளில் நுழைந்து செல்ல ஏற்றவாறு புழுவைப் போல ஒடுங்கிய உடல். ஈர மணலில் நடக்கும்போது நம் ஒரு காலடியின் கீழ் இத்தகைய உயிர்கள் எத்தனையோ இருக்கும்.

மாதிரிகளைத் தரங்கம்பாடிக்குத் தெற்கே, ஓதம் (கடல்நீர் ஏறி இறங்குவது) வற்றியிருக்கும் வேளைகளில் எடுத்தோம். சோழமண்டலக் கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஏறக்குறைய ஒரு மீட்டர் அளவுதான் என்பதால் வேலை செய்யக்கூடிய கரைப்பட்டை மிகக் குறுகியது. அலை தொடும் கோட்டுக்குச் சற்று மேலே குழி தோண்டினால் அடியில் நீர் ஊறும். அந்த நீரைக் கலக்கி, முகந்து, நுண்கண் வலையில் வடிப்பதைக் கரமான்–சப்பூயி முறை என்பார்கள். கருவி எதுவும் பெரிதாக வேண்டியதில்லை. மண்வெட்டி, வாளி, வலை போதும். நாங்கள் குழி தோண்டுவதைப் பார்த்த மூத்த மீனவர் ஒருவர், "என்ன தம்பி, மட்டி தேடுறீங்களா? இங்க கிடைக்காதே" என்று அக்கறையோடு கேட்டார். கைலென்சின் கீழ் நெளிந்துகொண்டிருந்ததைக் காட்டியதும் வெகுநேரம் உற்றுப் பார்த்தவர், கரையில் எந்தெந்த இடத்தில் மணல் பெருமணலாகவும் எங்கே நொறுக்காகவும் கிடக்கும், எந்தக் காற்றில் அது இடம் மாறும் என்று நடந்தே காட்டினார். துகளின் பருமனைப் பொறுத்தே அங்கே வாழும் இனங்களும் மாறுகின்றன என்பதால், அவர் சொன்னது எங்கள் மாதிரித் திட்டத்தையே திருத்தியது.

எத்தனை விலங்குகள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்க்க, மணலை அப்படியே குழாயால் குத்தியெடுத்தும் வந்தோம். துகள்களை இறுகப் பற்றியிருக்கும் இவ்வுயிர்களை விடுவிக்க, ஒரு லிட்டர் நன்னீரில் சுமார் 73 கிராம் மக்னீசியம் குளோரைடு ஹெக்சாஹைட்ரேட்டைக் கரைத்து, அந்தக் கரைசலில் மணலைச் சிறிது நேரம் ஊறவைக்க வேண்டும். அதன் செறிவு கடல்நீருக்கு இணையாக இருப்பதால் விலங்குகள் சேதமடையாமல் மயங்கிப் பிடியை விடுகின்றன. பின்னர் சுழற்றி, மேல்நீரை மட்டும் 0.04 மில்லிமீட்டர் அளவுள்ள கண்களைக் கொண்ட சல்லடையில் ஊற்றினால் அவை தங்கிவிடும். ஒரு பகுதியை ஃபார்மலினிலும் மறுபகுதியைச் செறிந்த எத்தனாலிலும் பாதுகாத்தோம். ஃபார்மலின் உடலின் வடிவத்தை நன்றாகக் காக்கும், ஆனால் டிஎன்ஏவைச் சிதைத்துவிடும். இரண்டு தேவைகளுக்கும் ஒரே புட்டியை நம்பியிருப்பது சரியல்ல.

அடுத்து, கையில் இருப்பது முதிர்ந்த விலங்கா என்பதை உறுதிசெய்ய வேண்டும். கோபிபோடுகள் நாப்ளியஸ் எனும் முதல்நிலை இளரிப் பருவங்களைக் கடந்து, ஐந்து கோபிபோடிட் இளம்பருவங்கள் வழியாக வளர்ந்தே முதிர்ச்சி அடைகின்றன. கடைசி இளம்பருவத்து விலங்கு தோற்றத்தில் முதிர்ந்ததைப் போலவே இருக்கும். ஆனால் கால்களின் கண்டங்களும் (மூட்டுகளால் பிரிந்த துண்டுகள்) முட்களும் முழுமை பெற்றிருக்காது. அதை வைத்து விவரித்தால், இல்லாத ஓர் இனத்துக்குப் பெயர் வைத்ததாக முடியும். ஆகவே பெண்ணில் இனப்பெருக்கக் கண்டங்கள் இரண்டும் இணைந்திருக்கின்றனவா, முட்டைப்பை சுமந்தவை கிடைக்கின்றனவா, ஆணில் முன் உணர்கொம்பு பெண்ணைப் பற்றிக்கொள்ளும் வகையில் மடங்குகிறதா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். இரு பாலும் கிடைத்த பிறகே மேற்கொண்டு நகர்ந்தோம்.

இந்த வேலையில் என் மனதுக்கு மிக நெருக்கமானது உடற்பகுப்பு. ஸ்லைடின் மேல் ஒரு துளி லாக்டிக் அமிலத்தில் விலங்கை வைத்தால் சில மணி நேரத்தில் உட்தசைகள் தெளிந்து, ஓடு மட்டும் கண்ணாடியைப் போல நிற்கும். டங்ஸ்டன் கம்பியைச் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் அமிழ்த்தி மெல்லிய மின்னோட்டம் செலுத்தினால், அதன் நுனி கரைந்து, சாதாரண ஊசியால் எட்டமுடியாத கூர்மையை அடைகிறது. அப்படிக் கூராக்கிய இரண்டு ஊசிகளைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒன்றால் உடலை அழுத்தி, மற்றதால் கண்டங்களுக்கு இடையே கீறி, ஒவ்வொரு கால்சோடியையும் நடுவில் அவற்றை இணைக்கும் தகட்டோடு சேர்த்தே பிரிக்க வேண்டும். ஒரு கால் மட்டும் கழன்று வந்தால் எது முன்பக்கம், எது பின்பக்கம் என்று பிறகு சொல்வது கடினம். மூச்சை அடக்கிக்கொண்டுதான் செய்வேன். மேசையில் எவராவது கைவைத்தாலும் பார்வைப்புலம் முழுவதும் ஆடிவிடும். பிரித்த ஒவ்வொன்றையும் தனித்தனித் துளியில் வைத்து, கவர் ஸ்லிப் நசுக்காமலிருக்க ஓரங்களில் மெல்லிய கண்ணாடி இழைத் துண்டுகளை இட்டு, பக்கங்களை நிறமற்ற நகப்பூச்சால் அடைத்தோம். பகுக்காத முழு விலங்கையும் இதே முறையில் இழைகளின் மேல் வைத்தால், கவர் ஸ்லிப்பை மெல்ல நகர்த்தி அதை முதுகுப்பக்கமாகவும் வயிற்றுப்பக்கமாகவும் உருட்டிப் பார்க்கலாம்.

நுண்ணோக்கியுடன் இணைந்த வரைகுழாய் வழியாக உருவத்தையும் தாளையும் ஒன்றாகக் கண்டு, பென்சிலால் கோட்டுருவம் தீட்டி, அதன்மேல் மை இட்டு முடிக்க வேண்டும். ஒளிப்படங்கள் எவ்வளவு துல்லியமானாலும் ஒரு நேரத்தில் ஒரு தளத்தையே தெளிவாகக் காட்டும். குவியத்தை மேலும் கீழும் மாற்றி, ஒரு முள் எங்கே தொடங்கி எந்தக் கண்டத்தில் ஒட்டியிருக்கிறது என்று முடிவுசெய்து வரைவது மனிதக் கண்ணின் வேலை. வரையும்போதுதான் உண்மையில் பார்க்கிறோம். ஐந்தாம் காலின் சிறு தகட்டில் மூன்று முட்கள் என்று நினைத்திருந்த இடத்தில், நுண்ணோக்கியின் மிகுந்த உருப்பெருக்கமுள்ள எண்ணெய் லென்சின் கீழ் நான்காவது ஒன்று மயிரிழையாகத் தெரிந்தது. அதன் பிறகு எல்லா விலங்குகளிலும், இடம் வலம் இரண்டு கால்களிலும் அதைத் தேடினோம். ஒன்றிரண்டில் ஒரு பக்கம் மட்டும் இல்லாமலிருந்தது. அந்த மாறுபாட்டையும் விவரணையில் எழுதினோம். இனங்களுக்கிடையிலான வேறுபாடு இத்தகைய ஒரு முள்ளில் அடங்கியிருக்கும்போது, ஒரே விலங்கை மட்டும் பார்த்து முடிவெடுப்பது நியாயமல்ல.

இனி ஒப்பீடு. ஹார்பாக்டிகாய்டுகளில் ஆயிரக்கணக்கான இனங்களுக்குப் பெயர் இருக்கிறது. கார்ல் லாங் 1948இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட இரு தொகுதிப் பெருநூலும், ஜே. பி. ஜே. வெல்ஸ் 2007இல் தொகுத்த பட்டியலும் திறவுகோல்களும் (பண்புகளைப் படிப்படியாக ஒப்பிட்டு இனத்தை அடையாளம் காண உதவுபவை) இல்லாமல் இத்துறையில் ஓர் அடிகூட வைக்கமுடியாது. நம் கிழக்குக் கரையில் இவ்வேலைக்கு நல்ல மரபும் உண்டு. எஸ். கிருஷ்ணசுவாமி 1950களில் சென்னைக் கடற்கரை மணலின் கோபிபோடுகளை ஆராய்ந்தார், விசாகப்பட்டினத்தின் வால்டேரில் பி. என். கணபதியும் ஜி. சந்திரசேகர ராவும் 1960களில் மணல் இடுக்கு உயிர்களை விரிவாகப் பதிவுசெய்தார்கள். அவர்களிடம் இன்றைய நுண்ணோக்கிகள் இல்லை. ஆனாலும் அவர்கள் நடந்த கரைகளையும் வைத்த பெயர்களையும் அறியாமல் இந்தக் கரையில் எதையும் புதிது என்று சொல்லும் உரிமை எங்களுக்கு இல்லை என்றே கருதினோம்.

திறவுகோல் எங்களை நான்கைந்து இனங்களுக்கு அருகில் கொண்டுபோய் நிறுத்தியது. அவற்றில் சிலவற்றின் மூல விவரணைகள் ஒரு பக்கத்துக்கும் குறைவானவை. கால்களின் படங்கள் முழுமையாக இல்லை. பெயரிட்டபோது சான்றாக வைக்கப்பட்ட வகைமாதிரிகளைக் கேட்டு எழுதியபோது ஓர் அருங்காட்சியகம் அன்போடு ஸ்லைடுகளின் படங்களை அனுப்பிவைத்தது; இன்னோரிடத்தில் அந்த ஸ்லைடின் ஊடகம் பழுப்பேறிப் படிகமாகிவிட்டது என்று பதில் வந்தது. மாதிரியும் இல்லை, படமும் போதாது என்ற நிலையில் ஒரே வழி, அந்த இனம் முதலில் எடுக்கப்பட்ட கரைக்கே சென்று மறுபடியும் சேகரிப்பது. எங்களுக்கு மிக நெருங்கிய இனத்தின் இடம் 'சென்னைக் கடற்கரை' என்ற அளவில்தான் பதிவாகியிருந்தது. சென்னைத் துறைமுகம் கட்டப்பட்ட பிறகு, தெற்கிலிருந்து வடக்கே கரையோரமாக நகரும் மணல் தடைபட்டு மெரினா அகன்றது; வடக்கே கரை அரிக்கப்பட்டது; பல இடங்களில் இன்று மணலே இல்லை, கருங்கல் தடுப்புதான் இருக்கிறது. மணல் போனால் அதன் இடுக்குகளில் வாழ்ந்தவையும் போய்விடும். இதை எண்ணும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. நல்வாய்ப்பாக, தெற்கே ஒரு பகுதியில் அந்தப் பழைய இனம் கிடைத்தது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோது, எங்கள் விலங்கின் வால்கிளை நுனியிலுள்ள முள்போன்ற நீட்சி உள்நோக்கி வளைந்திருப்பதும், நான்காம் நீந்துகாலின் உட்கிளையில் முட்களின் அமைப்பு வேறுபடுவதும் ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்தன. எங்கள் கட்டுரையில் அந்தப் பழைய இனத்தையும் முழுமையாக மறுவிவரணை செய்து சேர்த்தோம். என் மதிப்பீட்டில் அந்தப் பக்கங்கள் புதிய இனத்தின் பக்கங்களைவிடப் பயனுள்ளவை.

விவரணை தெளிவாக இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதற்குத் தரங்கம்பாடியின் பெயரையே தாங்கிய ஓர் உயிர் சான்றாக இருக்கிறது. நாம் சந்தையில் வாங்கும் சேற்று நண்டுகளில் ஒன்றான சில்லா ட்ராங்குபேரிக்காவுக்கு 1798இல் ஃபப்ரீசியஸ் பெயரிட்டார். சேற்று நண்டுகளில் எத்தனை இனம், எது எது என்ற குழப்பம் நெடுங்காலம் நீடித்தது. உருவத்தோடு மரபியல் சான்றுகளையும் சேர்த்து, அவை நான்கு இனங்கள் என்று தெளிவாக நிறுவப்பட்டது 1998இல்தான். உள்ளங்கையைவிடப் பெரிய, உணவாகும் நண்டுக்கே இரு நூற்றாண்டுகள் என்றால், கண்ணுக்குத் தெரியாத உயிரை விவரிக்கும்போது எவ்வளவு பொறுப்பு வேண்டும்!

டிஎன்ஏ வரிசைக்காகத் தனி விலங்குகளைப் பயன்படுத்தினோம். முழு உடலையும் அரைத்துவிடாமல், நொதியில் ஊறவைத்து உள்ளடக்கத்தை மட்டும் கரைத்தெடுத்தால் ஓடு மிஞ்சும். அதையும் ஸ்லைடாக்கிச் சான்றாக வைக்கலாம். இனத்தை அடையாளம் காட்டும் டிஎன்ஏ பார்கோடுக்கு வழக்கமாகப் பயன்படும் சிஓஐ என்ற மரபணுப் பகுதியை ஹார்பாக்டிகாய்டுகளில் ஆய்வகத்தில் நகலெடுத்துப் பெருக்குவது பல நேரங்களில் கைகூடுவதில்லை. எங்களுக்கும் வேறு பிரைமர்களை (நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டுகள்) கொண்டு முயன்ற பிறகே வரிசை கிடைத்தது.

சட்டமும் விதிகளும் தொடர்பான பகுதியை மாணவர்கள் கடைசிக்குத் தள்ளிவைக்கிறார்கள், அது கூடாது. 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டத்தின் 39ஆம் பிரிவின்படி, இந்தியாவில் கண்டறியும் புதிய இனத்தை அதற்கெனக் குறிக்கப்பட்ட காப்பகத்துக்கு அறிவித்து, மாதிரிகளையும் அங்கே ஒப்படைக்க வேண்டும். விலங்குகளுக்கு அத்தகைய காப்பகமாக இந்திய விலங்கியல் ஆய்வகம் இருக்கிறது. 1999க்குப் பிறகு வெளியாகும் எந்த இனப்பெயருக்கும் ஹோலோடைப் (அந்தப் பெயருக்குச் சான்றாகும் ஒற்றை மாதிரி) எது, அது எந்தச் சேகரிப்பில் வைக்கப்படுகிறது என்பதைக் கட்டுரையிலேயே வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்கிறது பன்னாட்டு விலங்குப் பெயரிடல் விதித்தொகுப்பு. மின்னிதழில் மட்டும் வெளியாகும் படைப்பாக இருந்தால், 2012இல் வந்த திருத்தத்தின்படி அதை வெளியாவதற்கு முன்பே விலங்குப் பெயர்களுக்கான சூபேங்க் இணையப் பதிவேட்டில் பதிந்து, அந்தப் பதிவின் சான்றைக் கட்டுரைக்குள்ளும் தர வேண்டும். தவறினால் பெயர் செல்லாது. ஒரு முழுப் பெண் விலங்கை ஹோலோடைப்பாகவும், பகுத்த ஸ்லைடுகளையும் புட்டியில் உள்ளவற்றையும் பாராடைப்புகளாகவும் (துணைச் சான்று மாதிரிகள்) ஒப்படைத்துப் பதிவெண் பெற்ற பின்னரே இதழுக்கு அனுப்பினோம்.

கட்டுரையைப் பரிசீலிக்க இதழ் அமர்த்திய மதிப்பீட்டாளர்கள் இருவர். ஒருவர் வாயுறுப்புகளில் ஒன்றை மறுபடி வரையச் சொன்னார். மற்றவர் வால்கிளையின் நீட்சி ஆணிலும் அப்படியே இருக்கிறதா என்று எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படம் கேட்டார். இரண்டும் நியாயமான கோரிக்கைகள். இரண்டையும் நிறைவேற்றியதில் கட்டுரை மேம்பட்டது. வெளியான பிறகு சிறிது காலத்தில் உலகக் கடல் இனங்கள் பதிவேட்டில் எங்கள் இனத்துக்கென ஒரு பக்கம் வந்தது. இப்போது அதைப் பார்த்து எவரும் எங்களை மறுக்கலாம். மறுப்பதற்குத் தேவையான மாதிரிகள் காப்பகத்தில் இருக்கின்றன.

அதே குழியிலிருந்து எடுத்த புட்டியில் இன்னொரு கோபிபோடும் இருக்கிறது. உறவான குடும்பம், ஐந்தாம் காலின் அமைப்பு நான் இதுவரை கண்ட எந்தப் படத்தோடும் பொருந்தவில்லை. ஆனால் கிடைத்திருப்பவை பெண்கள் மட்டுமே. ஆண் கிடைக்கும்வரை அதை விவரிப்பதில்லை என்று முடிவுசெய்திருக்கிறோம். அடுத்த ஓதம் நன்றாக வற்றும் நாளில் அதே கரையில் மறுபடியும் தோண்ட வேண்டும்.