மாம்பழத்தோலில் பஸ் ஓடும்

சீசன் வந்தால் கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலைகளுக்கு லோடு லோடாக பெங்களூரா மாம்பழம் போகும். கூழ் எடுத்தது போக தோலும் கொட்டையும் மலையாய்க் குவியும். அதைக் குப்பைமேட்டில் கொட்டினால், அடியில் காற்றுப் புகாமல் அழுகி மீத்தேன் கிளம்பும். நூறு வருடக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைவிட 25 மடங்குக்கும் மேல் பூமியைச் சூடேற்றும் வாயு அது.

இந்தூரில் 2022-லேயே நாளுக்கு 550 டன் ஈரக்குப்பையைச் செரித்து மீத்தேன் எடுக்கும் ஆலை திறந்தார்கள். அந்த வாயுவில் டவுன் பஸ் ஓடுகிறது! நமக்கு அவ்வளவு பெரிது வேண்டாம். மாம்பழத்தோல், மார்க்கெட் காய்கறிக் கழிவு, ஹோட்டல் எச்சில் இலை போதும். பூமி சூடாவதைக் குறைக்கத் தெருவிளக்கை எல்இடி ஆக்குவது நல்லதுதான். ஆனால் முதல் வேலை குப்பைதான்.

கவுன்சிலர்களே, நாங்கள் வாசலிலேயே பிரித்துத் தருகிறோம். ஒரே வண்டியில் கலக்காமல் எடுத்துப்போக வழி செய்யுங்கள்.