குறும்பி குடைந்தெடுக்க வேண்டிய அழுக்கு அல்ல

காதில் குறும்பி இருப்பதையே சுத்தக் குறைவாக எண்ணி, அதை அடியோடு எடுத்துவிட வேண்டும் என்று பாடுபடுபவர்கள்தான் பெரும்பாலும் காதைப் புண்ணாக்கிக்கொள்கிறார்கள். செவிக்குழலின் வெளிப்பகுதியில் உள்ள சுரப்பிகள் கசியவிடும் பசையும் உதிர்ந்த தோலும் கலந்து உருவாகும் குறும்பி, தூசியைப் பிடித்து நிறுத்துகிறது. தண்ணீர் தோலில் ஊறாமல் காக்கிறது. தன் இலேசான அமிலத்தன்மையால் கிருமிகள் பெருகுவதையும் மட்டுப்படுத்துகிறது. செவிப்பறையின் அருகிலிருந்து தோல் வெளிநோக்கி மெல்ல நகர்ந்துகொண்டே இருப்பதாலும், பேசும்போதும் மெல்லும்போதும் தாடை அசைவதாலும், பழைய குறும்பி தானாகவே வெளியே வந்து உதிர்ந்துவிடும். ஆகவே பெரும்பாலானோருக்குக் காது மடலையும் துளையின் விளிம்பையும் ஈரத்துணியால் துடைப்பதே போதும்.

பெரியவர்களின் செவிக்குழல் ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர் நீளம்தான். அதன் முடிவில் செவிப்பறை இருக்கிறது. பஞ்சுக்குச்சியின் முனையில் பழுப்பாக ஏதோ ஒட்டி வருவதைப் பார்த்ததும் காது சுத்தமாகிவிட்டதாகத் தோன்றும். ஆனால் ஒட்டியது கொஞ்சம். எஞ்சியதைக் குச்சி உள்ளே தள்ளி இறுக்கிவிடுகிறது. உட்பகுதியில் எலும்பின் மேல் படிந்திருக்கும் தோல் மிக மெல்லியது என்பதால் சிறு உரசலிலேயே கீறிவிடும். கீறிய இடத்தில் அரிப்பு வரும், அரிப்பு மறுபடியும் குடையச் சொல்லும். ஹேர்பின், ஊக்கு, தீக்குச்சி ஆகியவற்றைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை.

என் தாயாரின் காது கேட்கும் கருவி அடிக்கடி கீச்சென்று ஒலிக்கத் தொடங்கியபோது, காது மூக்கு தொண்டை மருத்துவர் குழலின் உட்புறத்தைத் திரையில் காட்டினார். கரும்பழுப்பாக இறுகிய ஒரு கட்டி குழலை முழுதும் அடைத்திருக்க, அதன் மேல் பஞ்சு இழைகள் படிந்திருந்தன. வயது ஏற ஏறக் குறும்பி வறண்டு கெட்டியாகிறது. கருவியோ அது வெளியேறும் வழியையும் மறிக்கிறது. கூப்பிட்டதற்கு முதியவர் பதில் சொல்லாவிட்டால், ஞாபகம் தப்பிவிட்டது என்று முடிவுகட்டும் முன் அவருடைய காதைப் பரிசோதிக்கச் செய்யுங்கள் என்று எல்லோரிடமும் வேண்டிக்கொள்கிறேன்.

அடைப்பு ஏற்பட்டால் முதலில் செய்ய வேண்டியது குறும்பியை இளக்குவதுதான். மருந்துக்கடையில் கிடைக்கும் சோடியம் பைகார்பனேட் சொட்டு மருந்தையோ, சூடுபடுத்தாத ஆலிவ் எண்ணெயையோ, ஒருக்களித்துப் படுத்துச் சில சொட்டுகள் விட்டு, ஐந்து நிமிடமாவது அப்படியே இருக்க வேண்டும். இதைச் சில நாட்கள் தொடரலாம். தொடக்கத்தில் குறும்பி ஊறி உப்புவதால் அடைப்பு கூடியதுபோல் தோன்றினால் அஞ்ச வேண்டாம். ஆனால் செவிப்பறையில் ஓட்டை இருப்பவர்களும், காதில் வலியோ சீழோ உள்ளவர்களும், முன்பு காதில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் மருத்துவரைக் கேட்காமல் எதையும் ஊற்றக் கூடாது.

தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவதைப் பயிற்சி பெற்றவரிடம் விட்டுவிடுவது நல்லது. தண்ணீர் உடல் சூட்டிலேயே, அதாவது 37 டிகிரி செல்சியஸ் அளவில், இருக்க வேண்டும். குளிர்ந்தாலும் சூடேறினாலும் தலை சுற்றும். நீரிழிவு உள்ளவர்களுக்குக் கழுவிய பின் கடுமையான தொற்று ஏற்படும் ஆபத்து அதிகம் என்பதால், அவர்களுக்கு நுண்ணிய குழாயால் உறிஞ்சி எடுக்கும் முறையே ஏற்றது. காதில் செருகிக் கொளுத்தினால் குறும்பியை உறிஞ்சி எடுத்துவிடும் என்று சொல்லப்படும் காது மெழுகுவர்த்தி உண்மையில் எதையும் உறிஞ்சுவதில்லை. தீக்காயத்தையும், உருகி உள்ளே சொட்டும் மெழுகையும்தான் தருகிறது. 2010-இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இதுபற்றி எச்சரித்தது.

எந்த வலியும் இல்லாமல், சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ ஒரு காது கேட்காமல் போனால், அதைக் குறும்பி என்று நீங்களாகவே முடிவுசெய்து சொட்டு மருந்து விட்டுக் காத்திருக்காதீர்கள். உட்காது பாதிக்கப்பட்டிருந்தால் ஸ்டீராய்டு சிகிச்சையை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. ஆகவே அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.