கணக்கில் செத்துப்போன நான்கு கோழிகள்

26 வருடம் நான் கோழிகளை எண்ணிப் பிழைத்தவன். நாமக்கல் பக்கம் அது ஒன்றும் விசேஷமான தொழில் இல்லை. இங்கே தடுக்கி விழுந்தால் லாரிப் பட்டறை, எழுந்து நடந்தால் கோழிப்பண்ணை.

இத்தனை வருடத்தில் நான் கோழியைக் கையால் தொட்டது பத்து முறை இருந்தால் அதிகம். எனக்குக் கோழி என்றால் பேரேட்டில் நான்கு கட்டம்: இருப்பு, இறப்பு, தீவனம், முட்டை. காலையில் சூப்பர்வைசர் துண்டுச் சீட்டில் எழுதி அனுப்புவார், நான் ஏற்றுவேன். ஒரு கோழிக்கு நாளொன்றுக்கு 110 கிராம் தீவனம். நூறு கோழிக்குத் தொண்ணூறு முட்டை வந்தால் முதலாளி டீ வாங்கிக் கொடுப்பார். எண்பதுக்குக் கீழே இறங்கினால் நாட்காட்டியைப் பார்ப்பார். குஞ்சு பொரித்து இருபதாவது வாரத்தை ஒட்டி முட்டையிடத் தொடங்கும் கோழிக்கு, எண்பதாவது வாரத்தை ஒட்டி வியாபாரியின் லாரி வரும். கழிவுக் கோழி, கிலோ இன்ன விலை. அதோடு அந்தப் பேட்சின் பக்கத்தை மூடிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்புவேன்.

எங்கள் ஷெட்டில் கூண்டுகள் தரையிலிருந்து ஆள் உயரத்துக்கு மேலே இருக்கும். எச்சம் கீழே விழுந்து குவியும். கூண்டு மாற்றும்போது கைநழுவுகிற ஒன்றிரண்டு கோழிகள் அந்த எருக்குவியலுக்குப் போய்விடும். மேலிருந்து சிந்தும் தீவனத்தைத் தின்று, தண்ணீர்க் குழாய் ஒழுகும் இடத்தில் குடித்து, எப்படியோ பிழைத்துக் கிடக்கும். இறங்கிப் பிடிக்க யாருக்கும் பொறுமை கிடையாது. கூண்டுக் கணக்கோ இடிக்கும். அதனால் நான் அவற்றை இறப்புக் கட்டத்தில் எழுதிவிடுவேன், சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்டுவிடுவார். கீழே நடமாடிக்கொண்டிருக்கும், மேலே செத்துப்போயிருக்கும்.

நான் ஓய்வு பெறுவதற்குப் பதினைந்து நாள் இருந்தபோது, ஆடி மாதத்தில், ஒரு ஷெட் காலியானது. வியாபாரியின் பெட்டிகள் நிறைந்துவிட்டன, கடைசி வரிசையில் ஏழு கோழிகள் மிஞ்சின. அடியில் என் கையால் செத்தவை நான்கு. எதற்குக் கேட்டேன் என்று இன்றுவரை எனக்கே பிடிபடவில்லை. வீட்டுக்குப் பின்னால் ஐந்து சென்ட் சும்மா கிடக்கிறது, போகிற வழியில் எடுத்துப் போகட்டுமா என்றேன். முதலாளி சிரித்துவிட்டுத் தலையாட்டினார். இலவசமாக வாங்க மனம் வரவில்லை. ஏழும் சேர்ந்து 10 கிலோ 200 கிராம், அன்றைய விலை 85 ரூபாய், ஆக 867 ரூபாய். கட்டிவிட்டு நானே ரசீதும் எழுதிக்கொண்டேன். மற்ற நான்குக்கு எந்தத் தலைப்பில் வரவு வைப்பது? ஆறு மாதம் முன்பே செத்தவற்றுக்கு விலை கிடையாது.

என் மனைவி வாசலில் நின்று பெட்டியைப் பார்த்தாள். “ஏனுங்க, ஓய்வுக்குத் தங்கக் காசு கொடுப்பார்கள் என்று சொன்னீர்களே?” என்றாள்.

எதிர் வீட்டு ஆத்தா எண்பதைத் தாண்டியவர், வாழ்நாள் முழுக்க நாட்டுக்கோழி வளர்த்தவர். பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, “இது கோழியா, கொக்கா?” என்று கேட்டார். கேட்டதில் தப்பில்லை. வெள்ளை உடம்பு, கழுத்தில் இறகு உரிந்த சிவப்புத் தோல், வெளுத்துத் தொங்கும் பெரிய கொண்டை, சுருண்டு வளர்ந்த நகம், பாதியில் வெட்டிய அலகு.

பெட்டியைத் திறந்துவிட்டேன். நான்கும் வெளியே வந்து அரை நிமிடத்தில் மண்ணைக் கிளற ஆரம்பித்தன. ஏழும் நகரவில்லை. தூக்கி வெளியே வைத்தேன். ஒரே வரிசையாக, ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு, தோளோடு தோள் ஒட்டி நின்றன. முன்னால் தீவனத் தொட்டி இருப்பது போலக் கழுத்தை நீட்டி நீட்டி இழுத்தன. அவற்றைச் சுற்றிக் கம்பியே இல்லை. ஒரு கோழிக்கு ஒரு முழுக் காகிதத்தின் அளவுகூட இல்லாத இடத்தில் ஒன்றரை வருடம் நின்றவை, அதே இடத்தைத் தாங்களே கூடவே கொண்டுவந்துவிட்டன. சாயங்காலம் வரை அந்த வரிசை கலையவில்லை.

தண்ணீரில்தான் நான் நிஜமாகவே பயந்தேன். அகலச் சட்டியில் ஊற்றி வைத்தேன். ஏழும் அதை மிதித்துக்கொண்டு நின்றன, குடிக்கவில்லை. வாயைத் திறந்து மூச்சு வாங்கின. ஒன்று மட்டும் என் சட்டைப் பொத்தானை விடாமல் கொத்தியது. வெகுநேரம் கழித்துத்தான் உறைத்தது. கூண்டில் தண்ணீர் என்பது குழாயில் பளபளக்கும் ஒரு சிறிய உலோக முனை. அதைக் கொத்தினால் சொட்டு விழும். தண்ணீர் தரையில் கிடக்கும் என்று அவற்றுக்கு யார் சொன்னது? ஒவ்வொன்றாகப் பிடித்து அலகைச் சட்டியில் தொட்டுத் தொட்டு எடுத்தேன். வெல்லம் கரைத்த தண்ணீர் வைக்கச் சொன்னது ஆத்தா. மூன்று கோழிகள் அப்படிக் கற்றுக்கொண்டன. ஏழில் மற்ற நான்கும் என்னிடம் கற்கவில்லை. என் பேரேட்டில் செத்தவை குனிந்து குடித்து அண்ணாந்து விழுங்குவதைப் பார்த்து, மறுநாள் காலையில் தாமாகவே குனிந்தன.

அதன் பிறகு வாத்தியார் வேலையை அந்த நான்கிடமே விட்டுவிட்டேன். மண்ணில் குழி பறித்துப் புரளுவதை அவைதான் காட்டின. நான் அடுப்புச் சாம்பலைக் கொட்டி வைத்ததோடு சரி. இறகுக்குள் செள் பிடிக்காமல் இருக்கச் சாம்பலும் புழுதியும் வேண்டும். முதல் முறை புரண்டபோது, மேனேஜர் என்று பிற்பாடு பெயர் பெற்ற கோழி, கண் செருகிக் காலை நீட்டிக் கிடந்ததைப் பார்த்து செத்துவிட்டது என்று என் மனைவி கத்திவிட்டாள்.

நான் தானியம் இறைத்தது வீண். வெட்டிய அலகின் மேல்பாதியும் கீழ்பாதியும் சேர்வதில்லை. கம்பு மணியைக் கொத்தினால் மணி துள்ளிப் போகிறது. ஆழமான கிண்ணத்தில் மாவுத் தீவனமாக வைத்தால் அள்ளித் தின்கின்றன. பச்சைக் கீரையைக் கட்டித் தொங்கவிட்டால் இழுத்துக் கிழிக்கின்றன. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது.

பண்ணையில் விளக்கெல்லாம் சேர்த்து 16 மணி நேரம் வெளிச்சம் கொடுப்போம். வெளிச்சம் நீண்டால்தான் முட்டை வரும். எங்கள் கொல்லையில் ஏழு மணிக்குள் இருட்டிவிடும். கோழிக்கு இருட்டில் கண் தெரியாது. நாட்டுக்கோழி என்றால் பொழுது சாயும்போதே மரமேறிவிடும். இவை ஏழும் எங்கே நின்றனவோ அங்கேயே ஒன்றின்மேல் ஒன்று ஏறி அமுங்கிக் கிடந்தன. ஒன்றரை அடி உயரத்தில் ஒரு வேப்பங்கழி கட்டி, பன்னிரண்டு இரவு, ஒவ்வொன்றாகத் தூக்கி உட்கார வைத்தேன். கழியைப் பிடிக்க அந்த விரல்களுக்குத் தெரியவில்லை. நகத்தை என் நகவெட்டியால்தான் வெட்டினேன், வேறு வாங்கிக்கொண்டேன்.

ஏன் ஒன்றரை அடி என்றால், அதற்குள் ஒன்றை இழந்திருந்தேன். மூன்றாம் நாள் துவைக்கும் கல்லின் மேல் ஏற்றி வைத்து அழகு பார்த்தேன். அது குதித்தது. கால் ஒடிந்துவிட்டது. அரசு கால்நடை மருத்துவர் தொட்டுப் பார்த்துவிட்டு, எலும்பு சாக்குக்கட்டி மாதிரி இருக்கிறது என்றார். ஒரு முட்டை ஓட்டுக்கு ஏறக்குறைய 2 கிராம் சுண்ணாம்புச் சத்து போகிறது. தீவனத்தில் போதாவிட்டால் கோழி தன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும். வருடத்துக்கு முந்நூறு முட்டைக்கு மேல். மாதாமாதம் ‘கிளிஞ்சல், கல்மாவு’ என்று மூட்டைக் கணக்கு எழுதியவன் நான். எதற்கு என்று ஒரு நாளும் கேட்டதில்லை. இன்னொன்று பத்தாம் நாள் காரணம் தெரியாமல் மூலையில் கிடந்தது.

இப்போது முட்டை ஓட்டை வாணலியில் வறுத்துப் பொடித்து அவற்றுக்கே வைக்கிறேன். என் மனைவிக்கு இது பிடிக்கவில்லை. ஒவ்வொரு முறையும் வாணலியைப் புளி போட்டுத் தேய்க்கிறாள்.

ஒரு மாதத்தில் கொண்டை சிவந்தது. கழுத்தில் முள் முள்ளாகப் புது இறகு. ஐப்பசியில், அடைமழை தொடங்கிய வாரத்தில், கொல்லை முழுக்கத் தலையணை கிழிந்தது போல வெள்ளை. எல்லாமே இறகு உதிர்த்தன, முட்டை அறவே நின்றது. “என்னப்பா கணக்கு, குழம்பு எப்போது?” என்று ஆத்தா கேட்டார். பகல் குறைந்தால் உடம்பு ஓய்வு கேட்கிறது, இறகு மாறினால் திரும்ப முட்டை வைக்கும் என்று நான் விளக்கினேன். எண்பது வயதுக்காரரிடம் கோழியைப் பற்றி விளக்குகிற அளவுக்கு எனக்குத் திமிர் ஏறியிருந்தது. அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, “எங்கள் கோழி பதினைந்து போட்டதும் அடை உட்காரும். உடம்பு ஓய வேண்டாமா? இதற்கு அடை உட்காரவே மறந்துபோய்விட்டதே” என்றார். அதுதான் உண்மை. அதிக முட்டைக்காகத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்ததில் அந்தக் குணம் கழிந்துபோனது. அடை உட்காரும் நாளில் முட்டை வராதே.

பெயர் வைத்தது மனைவி. நான் நோட்டில் ‘செத்தது 1, செத்தது 2’ என்று எழுதியதைப் பார்த்துவிட்டு, “உங்கள் வாயில் ஒரு நல்ல சொல் வராதா?” என்று பிடுங்கிக்கொண்டாள். மேனேஜர் கொல்லைப் படலில் நின்று போகிற வருகிறவரை எல்லாம் மேற்பார்வை பார்க்கும். மூக்கிக்கு அலகு மற்றவற்றைவிடக் குறைவு. நொண்டி என் தவறால் நொண்டியானது, படல் கதவில் கால் மாட்டிக்கொண்டது.

ஓய்வுக்குப் பிறகு எங்களுக்குச் சண்டை போடவும் பேசவும் விஷயம் கிடைத்திருக்கிறது, அதை மறைப்பானேன்.

சித்திரை வெயிலில் ஒன்று போனது. கோழிக்கு வியர்க்காது. வாயைத் திறந்து இரைத்து, இறக்கையை விரித்துத்தான் சூட்டைக் கழிக்கும். ஈரச் சாக்குக் கட்டி, மோர் ஊற்றிக் கொடுத்தும், ஒரு கல்யாணத்துக்குப் போய் மத்தியானம் மூன்று மணி வரை தங்கிவிட்ட நாளில் அது நடந்தது. நான்கில் ஒன்றைக் கீரி பிடித்தது, பட்டப்பகலில். எருக்குழியில் அத்தனை நாள் தப்பித்த கோழி அது. அடுத்து ஏழில் இன்னொன்று வயிறு தரையில் உரச, நிமிர்ந்து நிமிர்ந்து நடந்தது. முட்டை உள்ளேயே உடைந்து வயிற்றில் இறங்கிச் சீழ் பிடித்துவிட்டது என்றார் மருத்துவர். இந்த இனத்துக்கு இது வழக்கமாம். அன்று இரவு நோட்டில் இறப்பு என்று எழுதத் தேதியைப் போட்டேன், மேற்கொண்டு எழுதவில்லை. அந்தப் பக்கம் அப்படியே இருக்கிறது.

இருப்பு ஆறு. ஏழில் மூன்று, நான்கில் மூன்று. வாரத்துக்கு ஒன்பது முட்டை வந்தால் பெரிது. 50 கிலோ தீவன மூட்டை 75 நாள் வருகிறது. பண்ணைக் கணக்கில் பார்த்தால் இந்தப் பேட்சை எப்போதோ கழித்திருக்க வேண்டும். நான் முட்டை சாப்பிடுவதை விட்டுவிட்டேனா என்று கேட்கிறார்கள். விடவில்லை. என் பையன் படித்தது முட்டைச் சம்பளத்தில். சத்துணவில் முட்டை வாங்கித் தின்ற பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். பண்ணைக்காரர்களைத் திட்டி எழுத இந்தக் கைக்கு யோக்கியதை இல்லை. ஆனால் இறப்புக் கட்டத்தில் அந்த ஆறு மாதம் நான் எழுதிய எண்ணிக்கை நினைவில் இருக்கிறது. அதில் எத்தனை நடமாடிக்கொண்டிருந்தன என்று தூக்கம் வராத இரவில் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன்.

மாசியில் அரசாங்கக் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் வந்தது. நாட்டுக்கோழிக் கூடைகளுக்கு நடுவே என் ஆறு கொக்குகளுடன் நின்றேன். ஊசி போட்டவர், “இவை பண்ணையில் முட்டைக்கு வளர்க்கும் லேயர் ஆயிற்றே, ஐயா, இன்னுமா வைத்திருக்கிறீர்கள்?” என்றார்.

போன வாரம் பழைய முதலாளி போனில் கூப்பிட்டார். மார்ச் கணக்கு முடிக்க ஆள் பற்றவில்லையாம், பத்து நாள் வந்து போக முடியுமா என்று கேட்டார். வருகிறேன், ஆனால் ஆறு மணிக்குள் வீட்டில் இருக்க வேண்டும் என்றேன். எதற்கு என்று கேட்டார். மற்ற ஐந்தும் தாமே கழி ஏறிவிடும், நொண்டியை மட்டும் தூக்கி வைக்க வேண்டும், நான் போகாவிட்டால் என் மனைவி கையில் அது ஏறாது. இதை எப்படி அவரிடம் சொல்வது?

சர்க்கரை மாத்திரை போட வேண்டும் என்று சொல்லிவைத்தேன்.